நடுவில் நிற்கும் குரல்

ஜோஷ்வா வலது காதில் மட்டும்தான் சத்தத்தை அடைக்கிற பிளக் வைத்துக்கொள்வான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவன் வேலை செய்யும் ஃபோர்ஜிங் ஷாப்பில், இரும்பை அடித்து வடிவாக்கும் ராட்சதச் சுத்தியல் இயந்திரமான ஹேமரை ஓட்டுகிற எல்லோருமே அப்படித்தான். கம்பெனி என்னவோ இரண்டு காதுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறது, ஆரஞ்சு நிறத்தில், ஒரு கயிற்றில் கோத்து. சேஃப்டி ஆபீசர் தலை தெரிந்தால் இரண்டும் காதுக்குள் போகும். அவர் முதுகு திரும்பியதும் இடது பக்கத்துப் பிளக் வெளியே வந்து கழுத்தில் தொங்கும்.

அது சோம்பல் இல்லை. பழுக்கக் காய்ந்த இரும்பின்மேல் ஹேமர் இறங்கும்போது அடி முழுதாக விழுந்ததா, அடியில் இருக்கிற அச்சு கொஞ்சம் நகர்ந்துவிட்டதா என்பது சத்தத்தில்தான் முதலில் தெரியும். கண்ணுக்குத் தெரிவதற்குள் பத்துப் பதினைந்து பீஸ் வீணாகிவிடும். அதனால் ஒரு காது கம்பெனிக்கு, ஒரு காது தனக்கு என்று பங்கு பிரித்து வைத்திருந்தார்கள். அவனுக்கு மூத்தவரான அருணாச்சலம் இருபது வருடமாக அப்படி ஓட்டியவர். இப்போது அவரிடம் டீ வேண்டுமா என்று கேட்க அவர் முன்னால் போய் நின்று டம்ளரைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதையும் ஷாப்பில் கேலியாகத்தான் பேசிக்கொள்வார்கள்.

ஜோஷ்வாவின் மனைவி சுகிர்தா ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடகர் குழுவில் நிற்பாள். இந்த வருடம் சபையின் ஆண்டுவிழாவுக்கு ஒரு புதுப்பாட்டு எழுதி, அதில் இரண்டாவது சரணத்தை அவளைத் தனியாகப் பாட வைத்தார்கள். முழுப் பாட்டையும் நல்ல மைக் வைத்துப் பதிவுசெய்து பென் டிரைவில் கொடுத்தார்கள். விழா அன்றைக்குப் பார்த்து ஜோஷ்வாவுக்கு அவசர ஆர்டர். அவனால் வர முடியவில்லை.

பிறகு அந்தப் பாட்டைப் போனில் போட்டுக் கேட்டான். தகர டப்பாவுக்குள் கொசு பறக்கிற மாதிரி இருந்தது.

"கேட்டியா?" என்றாள் சுகிர்தா.

"கேட்டேன், சுகி. சூப்பரு."

"இன்னா சூப்பரு? அதுல ஒரு எடத்துல தப்பு பண்ணேன். எங்கன்னு சொல்லு பாப்போம்."

"தப்பா? நீயா? சேச்சே."

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் முழுச் சிரிப்பு இல்லை. "இத்தினி வருசமா ஒரே ஊட்ல கீறோம். ஹேமரு இன்னா சொல்லுதுன்னு மட்டும் உனுக்கு நல்லா கேக்குது. என் பாட்டு உன் காதாண்ட வந்து திரும்பிப் போயிடுது."

அந்தப் பேச்சு அவனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு ஒரு நல்ல ஸ்பீக்கர் செட் வாங்குவது, அவள் பாட்டை அதில் போட்டு உட்கார்ந்து கேட்பது, அந்தத் தப்பு எங்கே என்று அவளிடம் சொல்வது. இதைத் தவிர வேறு எதுவும் அவன் மனதில் ஓடவில்லை.

புதுசு வாங்கினால் போனஸ் முழுக்கப் போய்விடும். பொன்னேரியில் வீரராகவன் என்று ஒருவர் பழைய செட் விற்கிறார் என்று கம்பெனி பஸ்ஸில் சொன்னார்கள். சென்னையில் வீடு காலி செய்கிறவர்களிடமிருந்து ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கருமாக வாங்கி வந்து, சரிபார்த்து, குறைந்த விலைக்குக் கொடுப்பார். ஒரு நாள் காலை ஷிஃப்ட் முடிந்ததும் ஜோஷ்வா நேராக ரயில் ஏறி அங்கே போனான்.

கடை நீளமான ஒரே அறை. இரண்டு பக்கமும் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வீரராகவன் பாதித் தெலுங்குக்காரர். யாரைப் பார்த்தாலும் நைனாதான்.

"வா நைனா. எத்தினி வாட்ஸ்னு மட்டும் கேக்காத. அத கேக்கறவன் கல்யாண மண்டபத்துக்குப் போவட்டும். உன் ஊடு இன்னா சைசு?"

"ஒரு ஹால், ஒரு ரூமு, கிச்சனு."

"அப்ப சின்ன ஆம்ப்பே உனுக்கு ஜாஸ்தி."

ஆம்ப்ளிஃபயர் பார்க்கிற விதம் ஜோஷ்வாவுக்குப் பிடித்திருந்தது. முதலில் பாட்டே போடவில்லை. சும்மா ஆன் செய்து, சவுண்ட் நாபைப் பாதி திருப்பி வைத்து, ஸ்பீக்கரில் காதை வைக்கச் சொன்னார். உறுமல் வந்தால் அதைத் தள்ளிவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு நாபாகத் திருப்பச் சொன்னார். கரகரவென்றால் உள்ளே தூசி, அது துடைத்தால் போய்விடும்; ஒரு பக்கம் அறுந்து அறுந்து வந்தால் வேண்டாம். அரை மணி நேரம் ஓடவிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி மேல் மூடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஸ்பீக்கரில் வலையைக் கழற்றி, நடுவில் இருக்கிற பேப்பர் கூம்பை இரண்டு பக்கமும் விரல் வைத்து மெதுவாக அமுக்கச் சொன்னார். உள்ளே உரசினால் காயில் என்கிற கம்பிச்சுருள் போயிருக்கிறது என்று அர்த்தம். கூம்பைச் சுற்றி ஓரத்தில் இருக்கிற ஃபோம் பழைய பிஸ்கட் மாதிரி உதிர்ந்தால், மாற்றுகிற செலவையும் விலையில் கழிக்க வேண்டும்.

இப்படிப் பார்த்ததில் ஆம்ப்ளிஃபயர் சீக்கிரம் முடிவானது. வெள்ளி நிற முகம், கனமான நாப். ஸ்பீக்கரில்தான் இரண்டு ஜோடி மிஞ்சின. ஒன்று சின்னது, அலமாரியில் வைக்கிற அளவு, மேல் மரத்தில் கீறல், ஒரு பெட்டிக்கு வலை இல்லை. மற்றது இடுப்பு உயரத்துக்கு நிற்கிற டவர், மேலே பளபளவென்று இரும்பு ஹார்ன்.

பென் டிரைவைச் சொருகினார்கள். சின்ன ஜோடியில் பாட்டு கம்பளி போர்த்திக்கொண்டு வருகிற மாதிரி ஜோஷ்வாவுக்குக் கேட்டது. டவரில் போட்டதும் எல்லாம் பளிச்சென்றது. சுகிர்தாவின் வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

"இதான்ணா. இதான் செட்டு. ஆனா பாட்டு ரைட் பக்கமா சாஞ்சிக்கினு கீது. லெஃப்ட்டு வீக்கா?"

வீரராகவன் கல்லாவுக்குப் பின்னாலிருந்து கழுத்தை நீட்டினார். "எனுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. லெஃப்ட் பக்கம் கதவு தொறந்து கீதுல்ல, சவுண்டு ரோட்டுக்குப் போவுது. அதுக்குத்தான் பேலன்ஸ் நாப் வச்சிக்கீறான். லெஃப்ட்ல கொஞ்சம் தள்ளிக்கோ."

ஜோஷ்வா தள்ளினான்; இடது பெட்டியில் சத்தம் கூடியது. கூடவே கீச்சு ஒலியை ஏற்றுகிற ட்ரெபிள் நாபையும் இரண்டு புள்ளி ஏற்றினான். குரல் வந்து நடுவில் நின்றது.

"எடுத்துக்கோ நைனா. புடிக்கலன்னா ஒரு தபா மாத்தித் தருவேன். ஒரே தபா. எங்கிட்ட எல்லாருக்கும் அதான் சட்டம்."

டவர் ஸ்பீக்கரோடு எலக்ட்ரிக் ரயில் ஏற வேண்டுமென்றால் கூடைக்காரர்கள் ஏறும் வெண்டர் பெட்டியில்தான் ஏற முடியும். அங்கே காலி மீன் கூடைகளுக்கு நடுவில், எளாவூருக்குப் போகும் பூவம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா தம்பி, பீரோவா?"

"ஸ்பீக்கர்மா. பாட்டுப் பொட்டி."

"இம்மாம் பெருசா? யாருக்குக் காது கேக்கல ஊட்ல?"

பெட்டியே சிரித்தது. ஜோஷ்வாவும் சிரித்தான்.

வீட்டில் ஹாலின் மூலைக்கொன்றாக இரண்டையும் நிறுத்தி, ஒயர் மாட்டி, பொன்னேரியில் வைத்த அதே இடத்தில் நாப்களை வைத்துக் கேட்டான். அருமை. சுகிர்தா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவளை இழுத்து வந்து பாயில் உட்கார வைத்தான். ஏழாவது படிக்கும் மகள் ஹெலனும் வந்து உட்கார்ந்தாள். இரண்டாவது சரணம் வந்தது.

ஹெலன் காதைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, பல்லு கூசுது."

சுகிர்தா ஸ்பீக்கரையே முறைத்துப் பார்த்தாள். பாட்டில் 'ச' வருகிற இடமெல்லாம் தோசைக் கல்லைக் கரண்டியால் சுரண்டுகிற மாதிரி அவளுக்குக் கேட்டது. போதாததற்கு, அவள் மட்டும் இடது மூலையில் தனியாக நின்று கத்துகிற மாதிரியும், மற்ற எல்லோரும் அந்தப் பக்கம் ஒதுங்கிப் போன மாதிரியும் இருந்தது.

"இதுவா என் கொரலு?"

"எம்மாம் தெளிவா கீது பாரு சுகி!"

"இவ்ளோ பேர் முன்னாடி இப்படியா பாடினேன்? யாரும் எங்கிட்ட சொல்லலயே." அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். இரண்டு நாள் கழித்து, சபையில் அடுத்து வரும் அறுப்பின் பண்டிகைக்குத் தனியாகப் பாட வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று குழுவில் சொல்லிவிட்டு வந்தாள். ஜோஷ்வாவுக்கு அதுதான் உறுத்தியது. அவள் பாட்டைக் கேட்கப் போய், அவள் பாட்டையே நிறுத்திவிட்டானே.

வார லீவு வந்தது. காலையில் அவள் வேலைக்குப் போனபின் செட்டைப் போட்டான். போட்ட வேகத்தில் நிறுத்தினான். பல் கூசியது. குரல் இடது மூலையில் நின்று கத்தியது. அவள் சொன்னதுபோலவேதான் இருந்தது. செட் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்து வீரராகவனுக்குப் போன் போட்டான்.

"கொண்டா நைனா, பாத்துடலாம். உன் ஊட்டம்மாவையும் கூட்டினு வா. பாடினவங்களே வந்தா பேஜாரு இல்ல."

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து, பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றி ஸ்டேஷனுக்கு வந்தான். அரை நாள் லீவு போட்டுவிட்டு சுகிர்தாவும் வந்திருந்தாள். வரும் வழி முழுக்க ஆம்ப்ளிஃபயரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தாள், ஆனால் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

கடையில் மாட்டிப் போட்டதும் ஜோஷ்வா திகைத்துப் போனான். டவர் அருமையாகப் பாடியது. குரல் நடுவில் நின்றது.

"இன்னா நைனா, நல்லாத்தான கீது? வெளையாடறியா?"

"நல்லாவா கீது?" சுகிர்தா வாசலருகே நின்று முகத்தைச் சுளித்தாள். "ஊட்ல கேட்ட அதே கொடுமதான்."

வீரராகவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பேலன்ஸ் நாபை நடுவில் கொண்டுவந்து, கதவைச் சாத்தினார். ஜோஷ்வாவுக்கு மறுபடியும் பாட்டு வலது பக்கம் சாய்ந்தது. இடது பெட்டியை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றினார். ரிப்பேர் வேலையில் அதுதான் முதல் சோதனை. குறை பெட்டியோடு கூடவே போனால் பெட்டியில் குறை. போகவில்லை, அப்போதும் இடதுதான் வீக். ஆம்ப்ளிஃபயரை மாற்றினார். இடதுதான். ஒயரை மாற்றினார். இடதுதான். வேர்த்துப் போய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"இருவது வருசத்துல இப்படி ஒரு கேசு பாத்ததில்ல. பேய் கீய் பூந்துக்கிச்சா?"

சுகிர்தா அதுவரை கதவோரமே நின்றிருந்தாள். இப்போது நாற்காலி அருகே வந்தாள். "எல்லாத்தயும் மாத்திட்டீங்க. நாக்காலில ஒக்காந்துனு கீறவர மாத்தவே இல்லயே. எந்திரி நீ."

அவள் உட்கார்ந்து கேட்டாள். "எனுக்கு நடுவுலதான் கீது. அவர அப்படியே திருப்பி ஒக்கார வைங்க."

ஜோஷ்வா ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். இப்போது வீக்கானது அந்தப் பக்கத்துப் பெட்டி, அதுவரை நன்றாகக் கேட்டது. அவன் கை தானாகப் போய் இடது காதைத் தொட்டது.

யாரும் சிரிக்கவில்லை. ஜோஷ்வாவுக்கு அருணாச்சலமும், அவர் முகத்துக்கு முன்னால் தூக்கிக் காட்டுகிற டீ டம்ளரும்தான் ஞாபகம் வந்தது.

"போயிடுச்சா சுகி?"

"இன்னா போயிடுச்சா? ஷிஃப்ட் முடிச்சு வர அன்னிக்கு டிவி சவுண்ட நீ முப்பதுல வைக்கிற. லீவு அன்னிக்கு பதினெட்டுலதான வைக்கிற. நான் நெதமும் கொறச்சிக்கினு கீறவ, எனுக்குத் தெரியாதா? ராத்திரி தூங்கி எந்திரிச்சா பாதி வந்துடுது உனுக்கு. போன தபாவும் ஷிஃப்ட் முடிச்சு நேராத்தான வந்து வாங்கின?"

"ஆமா."

"ஹேமருக்குக் குடுத்தது போவ மிச்சம் கீற காதுல எனுக்கு ஸ்பீக்கர் வாங்கிக்கீற." அவள் குரலில் கோபம் இருந்தது. ஆனால் முகம் தெளிந்துவிட்டது. அவள் குரலில் எந்தக் குறையும் இல்லை என்பது அவளுக்கு இப்போது புரிந்துவிட்டது.

வீரராகவன் இடுப்பில் கை வைத்தார். "எங்கிட்ட வரவன எல்லாம் ஸ்பீக்கரு பாக்கச் சொல்றேன். வரவன் காத நான் எந்நாளும் பாத்ததில்ல. கீச்சு சவுண்டுதான் மொதல்ல காத விட்டுப் போவும், அதான் நீ அத ஏத்திக்கீற. அடுத்த லீவு அன்னிக்கு, காலைல, தூங்கின மூஞ்சோட வா நைனா. இது மாத்தற கணக்குல வராது. பொட்டி இங்கயே கெடக்கட்டும்."

அந்த வாரம் ஜோஷ்வா இரண்டு காதிலும் பிளக் வைத்துக்கொண்டு ஹேமர் ஓட்டினான். முதல் நாள் தண்ணீருக்குள் நின்று வேலை செய்கிற மாதிரி இருந்தது. அடிக்கொரு தரம் நிறுத்திப் பீஸை எடுத்துப் பார்த்தான். பக்கத்து ஹேமர்க்காரர்கள் கேலி செய்தார்கள். இரண்டு மூன்று நாளில் அடி விழுவது பாதத்தில் தெரிய ஆரம்பித்தது. அச்சு நகர்ந்தால் பூட்ஸுக்குள் வேறு மாதிரி அதிர்ந்தது. காதில் கேட்ட அளவுக்கு நுணுக்கம் இல்லை, ஆனாலும் பீஸ் வீணாகவில்லை. அருணாச்சலம் மட்டும் அவனைப் பார்த்துத் தன் காதைத் தொட்டுக் காட்டி, நல்லது என்று தலையாட்டினார்.

லீவு நாள் காலை, சுகிர்தாவும் லீவு போட, இருவரும் பொன்னேரி போனார்கள். வீரராகவன் ஸ்பீக்கர்களுக்கு முன்னால் ஒரு பழைய திரைச்சீலையைக் கட்டிவைத்திருந்தார். "கண்ணு பெருச பாத்தா காது அத நல்லதுன்னு சொல்லும். அதான் மறச்சிட்டேன்." மூன்று ஜோடி மாற்றி மாற்றிப் போட்டார், அதே பாட்டு, சத்தம் ஒரே அளவில். கொஞ்சம் கூடச் சத்தமாக இருந்தால் அதுவே நல்லதென்று தோன்றிவிடும் என்றார். நாப்கள் எல்லாம் நடுவில். ஜோஷ்வா கண்ணை மூடிக்கொண்டான். முதலில் வந்தது பல்லைக் கூச வைத்தது. இரண்டாவது ஒரு குடத்துக்குள்ளிருந்து வந்தது. மூன்றாவதில், பக்கத்து அறையிலிருந்து பாடிக்கொண்டே நடந்து வந்து முன்னால் உட்கார்ந்த மாதிரி சுகிர்தா பாடினாள்.

"மூணாவதுண்ணா."

"எனுக்கும் அதான்," என்றாள் சுகிர்தா.

திரையை விலக்கினால், கீறல் விழுந்த சின்ன ஜோடி. கம்பளி போர்த்தியது என்று அவன் தள்ளியது. டவரை விடவும் விலை குறைவு. மிச்சப் பணத்துக்கு வீரராகவன் நல்ல ஒயரும், இல்லாத வலைக்கு ஒரு கறுப்புத் துணியும் போட்டுக் கொடுத்தார்.

ரயிலில் பூவம்மாள் இரண்டு பெட்டிகளையும் பார்த்தாள். "இன்னா தம்பி, தண்ணில போட்டியா? சுருங்கிப்போச்சே!"

"காது தொறந்துக்கிச்சும்மா. இது போதும்," என்றாள் சுகிர்தா அவனுக்கு முந்திக்கொண்டு.

வீட்டில் பெட்டிகளைக் காது உயரத்துக்கு ஸ்டூலில் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார்கள். பாயில் நடுவில் உட்கார்ந்து கேட்டதில், காதுக்கு அவ்வளவு நாள் ஓய்வு கொடுத்த பிறகும் குரல் ஒரு துளி வலது பக்கம்தான் இருந்தது. ஜோஷ்வாவின் கை பேலன்ஸ் நாபை நோக்கிப் போனது. சுகிர்தா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாப திருப்பினா எனுக்குச் சாஞ்சிடும். நீ கொஞ்சம் அந்தாண்ட தள்ளிக் குந்து."

இடது பக்கம் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தான். குரல் நடுவில் வந்து நின்றது. அவன் விட்ட இடத்தில் அவள் உட்கார்ந்துகொண்டாள். ஷிஃப்ட் முடிந்து வந்த அன்றைக்கு யாரும் செட்டைத் தொடக்கூடாது என்று அவள் போட்ட சட்டத்துக்கு அவன் அங்கேயே தலையாட்டினான்.

பாட்டை முதலிலிருந்து போட்டார்கள். இரண்டாவது சரணம் வந்தபோது ஜோஷ்வா மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டான். அது முடிந்ததும் எழுந்து போய் நிறுத்தினான்.

"இன்னா, புடிக்கலயா?"

"மூணாவது லைன்ல, 'காலையிலே'ன்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தபா மூச்சு எடுத்த. மொத மூச்ச எடுத்துட்டு, சின்னதா சிரிச்ச மாரி கீது. அப்புறம் திருப்பி எடுத்த. அதால 'கா' லேட்டா வந்துச்சு."

சுகிர்தா வாய்விட்டுச் சிரித்தாள்.

"கீபோர்டு வாசிக்கிற பையன் எனுக்கு முன்னாடியே பூந்துட்டான்யா," என்றாள். "அதான் சிரிப்பு வந்துச்சு. சபைல ஒருத்தரும் கண்டுபுடிக்கல."

"இப்ப ஒருத்தன் கண்டுபுடிச்சிட்டான்."

"பெரிய இவரு." அவன் தோளில் ஒரு அடி போட்டுவிட்டுப் போனை எடுத்தாள். பண்டிகைக்கு வேறு ஆளைச் சொல்லிவிட்டார்களா, இல்லையென்றால் நானே பாடிவிடுகிறேன் என்று குழுவில் பேசிக்கொண்டே பின்பக்கம் போனாள். ஜோஷ்வா பாட்டை மறுபடி போட்டுவிட்டு, இடது பக்கம் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தான்.